முத்திரையும் உப்பும்

வானூரிலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும்போதெல்லாம் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இக்கடற்கரையைப் பற்றி எழுதிவரும் நண்பரொருவர், கல்லூரி, அரசுத் தளங்களிலிருந்து சுட்டி வாங்கித் தந்தால் கூகிளில் முதலிடம் கிட்டும் என்ற தரகரை நம்பிப் பணம் இழந்தார்.

1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஒரு சுட்டியின் எடை அதைத் தரும் பக்கத்தைப் பிறர் எவ்வளவு சுட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முகவரியின் வாலுக்கெனத் தனிமதிப்பில்லை. தரவரிசைக்காகச் சுட்டியை விலைக்கு வாங்குவதோ கூகிளின் விதிப்படி முறைகேடு.

மூட்டையின் முத்திரையால் உப்பு கரிப்பதில்லை. ஊர் வரலாறெழுதும் எளியோரைப் பல்கலைக்கழகங்கள் தாமே தேடிச் சுட்டவேண்டும். அதுவரை, வாசித்து மெச்சியதை நாம் சுட்டுவோம்.