வரவேற்புரையும் நன்றியுரையும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மகளிர் தின அழைப்பிதழை எழுதித் தருவது தமிழ்த்துறையின் வேலை. தமிழ்த்துறையின் வேலை என்றால் என் வேலை. ஒற்றுப்பிழை இல்லாமல், விருந்தினரின் பட்டங்கள் ஒன்றும் விட்டுப்போகாமல், யார் பெயருக்கு மேல் யார் பெயர் வரவேண்டும் என்ற வரிசை குலையாமல் பதினோரு ஆண்டுகள் எழுதித் தந்திருக்கிறேன். அந்த அட்டைகளை எடுத்து ஒருநாள் மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஆண்டும் சிறப்பு விருந்தினரும் மாறியிருந்தார்களே தவிர, மற்றபடி பதினொன்றும் ஒரே அட்டைதான்.

தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு ஏற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை, நாட்டுப்பண். தலைமை எப்போதும் ஆண். முன்னிலை வகிப்பவர்கள் நான்கைந்து ஆண்கள். வாழ்த்துரை மூவர், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் அந்த ஆண்டு முற்போக்கான ஆண்டு. சிறப்புரைக்கு வெளியூரிலிருந்து சாதித்த பெண் ஒருவரை அழைப்பார்கள். தலைமையுரையும் வாழ்த்துரையும் நீண்டுபோக, மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்க, அவருக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். அவரும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிடுவார்.

வரவேற்புரையும் நன்றியுரையும் மட்டும் தவறாமல் பெண்களுக்கு. வாசலில் நின்று வாங்க என்று சொல்வதும், கிளம்பும்போது போய்ட்டு வாங்க என்று சொல்வதும் நம் பங்கு. நடுவில் உட்கார்ந்து பேசுபவர்கள் வேறு யாரோ. வீட்டில் நடப்பதை இரண்டாயிரம் பேர் முன்னால் ஒலிபெருக்கி வைத்து நடத்துகிறோம், அவ்வளவுதான்.

அந்த நாள் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள் அரங்கைக் கூட்டிக் கழுவி, நாற்காலி துடைத்து, கழிப்பறையில் வாளி நிறைத்து வைக்கிறார்கள். எட்டு மணிக்குக் கோலப் போட்டி. பிறகு அடுப்பில்லாச் சமையல் போட்டி, மருதாணிப் போட்டி. பேராசிரியைகள் ஊதா நிறச் சேலையில் வரவேண்டும் என்று சுற்றறிக்கை வரும். வாங்குகிற தொகுப்பூதியத்தில் ஒரு நாளுக்காக ஊதாச் சேலை தேடி அலையும் கௌரவ விரிவுரையாளர்களை எனக்குத் தெரியும். வாசலில் பன்னீர் தெளிக்கவும் கற்கண்டுத் தட்டு ஏந்தவும் பாவாடை தாவணியில் பத்து மாணவிகள். "பளிச்சுனு இருக்கற பத்துப் புள்ளைங்களா பாத்து அனுப்புங்க மேடம்" என்று ஒருங்கிணைப்பாளர் சொல்வார். பளிச்சென்று என்றால் என்ன நிறம், அந்தப் பத்துப் பேரில் யார் இருக்கமாட்டார்கள் என்பது சொல்பவருக்கும் தெரியும், அனுப்புகிற நமக்கும் தெரியும். நான் அனுப்பியிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் தட்டு ஏந்தி நின்ற ஒரு மாணவி. மூன்றாண்டுகளுக்கு முன் அதே நாளில், விருந்தினர் கார் வந்துவிட்டது என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, ஒரு புகார் எழுதணும்னா யார்கிட்ட குடுக்கணும்?" என்று கேட்டாள். எங்கள் துறையில் பேராசிரியைகளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கையில் பொன்னாடைகளும், எந்தப் பொன்னாடை யாருக்கு என்ற பட்டியலும் இருந்தன. "விழா முடியட்டும்மா, பேசுவோம்" என்றேன்.

விழா முடிய ஐந்தரை ஆனது. ஆறு மணிக்குப் பெண்கள் விடுதியின் கதவு பூட்டப்படும் என்பதால் மாணவிகள் ஓடிவிட்டார்கள். அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கேட்டேன்" என்றாள். பிறகு எத்தனை முறை கேட்டும் அதே பதில். கேட்பதற்கு அவள் சேர்த்து வைத்திருந்த தைரியம் ஒரு நாளுக்கானது. அந்த நாள் மகளிர் தினமாக இருந்தது. அந்த நாளை நான் பொன்னாடைக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் கேட்டது எளிய கேள்வி. அதற்கான பதில் அந்த வளாகத்தில் எந்தச் சுவரிலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட்ட ஆணையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். தர இயலாமல் போனதற்குக் காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது. மாணவர் தொடர்பான புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலையிலிருந்து மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தல் மூலம் வரவேண்டும்.

மாணவர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்ததாக எந்த மாணவியும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் கோலப் போட்டிக்கு நடுவர் குழு உண்டு. அதன் உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் முன்பே ஒட்டப்பட்டிருக்கும்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டவர் பன்வாரி தேவி. அரசுத் திட்டம் ஒன்றில் சொற்பத் தொகைக்கு ஊர் ஊராக நடந்து வேலை பார்த்த பெண், குயவர் சாதியில் பிறந்தவர். அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. பதினாறு ஆண்டு கழித்து அது சட்டமானது. பேராசிரியைகளாகிய நாம் இன்று ஏந்தியிருக்கும் இந்தச் சட்டம் படித்த பெண்கள் வாங்கித் தந்ததல்ல. அரங்கைக் கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிறார்களே, அவர்களைப் போன்ற ஒரு பெண்ணின் உடல்மீது எழுதப்பட்டது அது. ஒப்பந்தத் தொழிலாளர், தினக்கூலி எல்லோரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். எங்கள் விழாவில் அவர்களுக்கு ஒரு சேலை கொடுத்து ஒரு புகைப்படம் எடுப்பார்கள். சேலை கொடுப்பவரின் முகம்தான் படத்தில் தெரியும்.

நாள் மட்டும் எப்படி வந்தது? 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கினும் தோழர்களும் கொண்டுவந்த தீர்மானத்திலிருந்து வந்தது. மறு ஆண்டே ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் வாக்குரிமையும் வேலையுரிமையும் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1917இல் பெத்ரோகிராதின் துணி ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தது இதே மார்ச் 8 அன்றுதான். அவர்கள் யாரும் வரவேற்புரை ஆற்றவில்லை. சில நாட்களில் ஜார் முடியிறங்கினார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாட்டில் அது சட்டமானது. 1938 நவம்பரில் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய பெண்கள் மாநாடு, ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஒரு ஆணுக்கு என்ன பெயர் என்று பெண்கள் கூடி முடிவு செய்தார்கள், நாடு அதை ஏற்றுக்கொண்டது. இன்று ஒரு பெண்கள் விடுதிக்கு என்ன பூட்டு நேரம் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் விடுதிப் பெண் ஒருத்தி உட்கார முடிகிறதா?

கூட்டத்துக்கும் விழாவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கூட்டம் தீர்மானத்தில் முடியும். விழா நன்றியுரையில் முடியும். தீர்மானம் யாரையாவது கட்டுப்படுத்தும், அடுத்த ஆண்டு வந்து என்ன ஆயிற்று என்று கேட்க இடம் தரும். நன்றியுரை எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடும். மகளிர் தினத்தைக் கூட்டத்திலிருந்து விழாவாக மாற்றியதுதான் நம் வளாகங்கள் செய்த பெரிய வேலை.

நல்ல நாளும் அதுவுமாக இதையெல்லாம் பேச வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். கெட்ட நாளில் பேசினால் பல்கலைக்கழகத்தின் பெயர் கெடும், நல்ல நாளில் பேசினால் நாள் கெடும். இடையில் எந்த நாளில் பேசுவது என்று யாரும் சொல்வதில்லை.

பிள்ளைகளே விரும்பித்தானே ஆடுகிறார்கள், கோலம் போடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். அதை நான் கேலி செய்யமாட்டேன். விடுதிப் பிள்ளைகளுக்குப் பாட்டைச் சத்தமாக வைத்து ஆட, யாரும் அதட்டாமல் சிரிக்க, ஆண்டில் கிடைக்கிற நாள் அது ஒன்றுதான். ஆடுகிற முகங்களைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. ஒரு நாள் சிரிக்க விட்டு மற்ற நாட்களைப் பூட்டி வைக்கிறவர்களிடம்தான் என் சண்டை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று அதே 2015 விதிமுறைகள் சொல்கின்றன. நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் வளாகத்தில் ஆறு மணிக்குப் பூட்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் ஆண் மாணவர் படிக்கிற புத்தகத்தை, அவர் மதிப்பெண்ணில் பார்த்துவிட்டு, பையன்கள் கெட்டிக்காரர்கள் என்கிறோம்.

இந்த ஆண்டு அழைப்பிதழில் இரண்டு வரிகளைச் சேர்த்து அனுப்பினேன். சிறப்புரைக்குப் பின் "கேள்வி நேரம் – ஒரு மணி". நன்றியுரைக்கு முன் "தீர்மானங்கள்". சிவப்பு மையில் இரண்டும் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. நேரமில்லை என்று பக்கத்தில் குறிப்பு. அப்படியென்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். அட்டை அச்சாகி வந்தது. "விழாவிற்க்கு அனைவரும் வருக" என்று இருந்தது. தமிழ்த்துறை உள்ள பல்கலைக்கழகம்.

ஊதாச் சேலை கட்டாமல், அன்று நான்கு மாணவிகளோடு சிற்றுண்டிச் சாலை முன்னால் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். ஐந்து தீர்மானங்களை எழுதி வைத்தோம். உள்ளகப் புகார்க் குழுவுக்கு இந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை தொண்ணூறு நாளில் முடிந்தது என்ற கணக்கை மகளிர் தினத்தன்று மேடையில் படிக்க வேண்டும், பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். குழு உறுப்பினர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டும், மாணவர் உறுப்பினர் தேர்தல் நடக்க வேண்டும். இரு விடுதிகளுக்கும் ஒரே பூட்டு நேரம். தட்டு ஏந்த மாணவிகளை நிறுத்தக் கூடாது. நிர்வாகத்தினர் கீழே உட்கார்ந்து, மாணவிகளும் பணியாளர்களும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு மாதத்தில் எழுத்தில் பதில் தரவேண்டும்.

மாலைக்குள் 112 கையெழுத்து. அதில் ஆண் மாணவர்களும் உண்டு. அரங்கில் மிச்சமான மாலைகளைப் பெருக்கி அள்ளிவிட்டு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் நின்று, என்ன மேடம் இது என்று கேட்டார். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேனாவை நீட்டியபோது வாங்கவில்லை.

"நல்லதுதான் மேடம். ஆனா நான் இதுல கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா கான்ட்ராக்டர் நாளைலேருந்து வராதன்னுருவாரே. உங்கள யாரும் நிறுத்தமாட்டாங்க."

பதினோரு ஆண்டில் அந்த வளாகத்தில் நான் கேட்ட சிறப்புரை அது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்கா, கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு, கேள்வி கேட்டதற்காகவோ கையெழுத்திட்டதற்காகவோ எந்த ஒப்பந்தப் பணியாளரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று ஆறாவதாக எழுதிச் சேர்த்தோம். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. போடவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அந்த ஆறாவதை நிர்வாகத்திடமிருந்து வாங்கிக் கொண்டுவந்து அவர்முன் வைக்க வேண்டியது, வேலையிலிருந்து யாரும் நிறுத்திவிட முடியாத என் போன்றவர்களின் கடமை.

தாளைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, தேதி போட்ட முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்த மார்ச் 8 அன்று அதே மேசையில் அதை விரித்து வைத்திருப்பேன்.