பழைய வீட்டைப் பழுது பார்ப்போம்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு கல்வெட்டை விட்டுச் சென்றிருக்கிறான். தான் எழுப்பிய கட்டடத்தில் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிவதாக அதில் கூறுகிறான். கட்டியவரின் புகழைச் சொல்லும் கல்வெட்டுகள் நாட்டில் ஏராளம். இனிமேல் பிறந்து வந்து பழுது பார்க்கப் போகிறவருக்கு முன்கூட்டியே தலை வணங்கிய மன்னர்கள் அரியவர். அவன் அஞ்சியது நடக்கவும் செய்தது. அக்கோயிலின் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் அப்படியே நின்றது. பின்னர் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுப்பப்பட்டு, 1990ஆம் ஆண்டில் திருப்பணி நிறைவு பெற்றது.

மன்னன் கட்டியதற்கு மட்டுமன்று, நம் முன்னோர் கட்டிய வீட்டுக்கும் இது பொருந்தும். தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் பல குடும்பங்களின் பழைய வீடுகள் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. திண்ணை, முற்றம், தேக்கு உத்திரம், சுண்ணாம்புச் சுவர் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். இன்று அவற்றில் பல ஒழுகுகின்றன. "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம்" என்பதே முதல் யோசனையாக வருகிறது. ஆனால் இடிக்க வேண்டிய நிலைக்கு உண்மையிலேயே வந்துவிட்ட வீடுகளைவிட, தவறான மருந்து கொடுக்கப்பட்டு நோய் முற்றிய வீடுகளே மிகுதி. வீட்டிலுள்ளோர் தம் கையாலேயே செய்யக்கூடியவை எவை, செய்யக் கூடாதவை எவை என்பதை இம்மாதம் காண்போம்.

காலம் அறிந்து தொடங்குக

குற்றாலத்தில் அருவி விழுந்தால் நமக்கு மகிழ்ச்சி. சுவருக்கு அது சோதனைக் காலம். தென்மேற்குப் பருவத்தில், ஆனி முதல் ஆவணி வரை, செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று சாரலைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வருகிறது. ஆகவே மேற்குப் பார்த்த சுவரும், கூரையின் மேற்குச் சரிவும் முதலில் நனைந்து, இறுதியில் காய்கின்றன. அதன்பின் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேராகக் கொட்டுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது.

எனவே கூரை வேலையைச் சித்திரை, வைகாசியில் முடித்துவிட வேண்டும். சாரல் ஓய்ந்த புரட்டாசியில் மறுமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். பெருநாளுக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். பெருநாள் மழைக்காலத்தில் வந்தால், ஈரச் சுவரின் மேல் அவசரமாக வண்ணம் பூசாமல் காயும்வரை பொறுப்பதே நலம்.

ஈரம் வரும் வழி

எந்தப் பழுதைத் தொடுமுன்னும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். மழை பெய்யும்போது ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, ஒழுகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எளிதாகச் செய்யலாம். சுவரின் மேற்பகுதியில் ஈரம் தெரிந்தால் கூரையில் குறை. நடுவில் தெரிந்தால் சாளரத்தின் விளிம்பிலோ குழாயிலோ குறை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை பொரிந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அந்தச் சுவரை எத்தனை முறை பூசினாலும் மீண்டும் பொரியும். சுவரோரம் குவிந்த மண்ணை அகற்றி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் அமைப்பதே அதற்கு முதல் மருந்து.

ஓடும் தட்டட்டியும்

மங்களூரில் பாசல் மிஷனார் 1865இல் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய சீமை ஓடுகள் நம் பகுதிக் கூரைகள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று உடைந்தால் கூரை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. மேல் வரிசை ஓட்டைச் சற்று உயர்த்தி, உடைந்ததை உருவிவிட்டு, அதே அளவுள்ள ஓட்டைச் செருகி, அதன் கொக்கி சட்டத்தில் பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும். பழைய வீடு பிரிக்கப்படும் இடங்களில் ஓடுகளை வாங்கி இருபது முப்பது சேமித்து வைப்பது நல்லது. ஓட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது. சட்டங்களின் மேல் பலகை போட்டு அதில்தான் ஏற வேண்டும். நனைந்த ஓட்டின் மேல் எவரும் ஏறவே கூடாது. ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளிச் சாய்த்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தட்டட்டி வீடுகளின் கூரை வேறு வகை. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த தளம் அது. 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர்கள் கூறுவது இதனையே. இதில் ஒழுகல் கண்டவுடன் மேலே சிமெண்டுத் தளம் போடுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. நூறு சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமெண்டுக் கலவை போட்டால், ஏறத்தாழ அரை டன் எடை கூடுகிறது. இரண்டு மூன்று முறை அப்படிப் போட்ட கூரைகள் எத்தனை! உத்திரமோ அதே பழைய உத்திரம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் ஒரு டன். அதைத் தட்டட்டியின் நடுவில் வைப்பது உறங்குகிறவர்களின் தலைக்குமேல் பாரத்தைத் தொங்க விடுவதாகும். தொட்டிக்குத் தரையிலிருந்து தனி மேடை எழுப்புவதே பாதுகாப்பு. தளத்தின் நீர்த்தாரைகளில் அடைத்த இலை, பாசி, குருவிக்கூடு ஆகியவற்றை அகற்றி, தட்டோடுகளின் இடுக்கில் விட்டுப்போன சுண்ணாம்பை மீண்டும் அடைத்தாலே பல ஒழுகல்கள் நின்றுவிடும்.

சுவருக்கு ஏற்ற மருந்து

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதானால் இதைக் கொள்ளுங்கள்: சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து.

உங்கள் வீட்டுச் சுவர் எது என்று அறிய, காரை உதிர்ந்த இடத்தில் செங்கற்களுக்கு இடையேயுள்ள சாந்தை ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். வெண்மையாக எளிதில் உதிர்ந்தால் அது சுண்ணாம்பு. சாம்பல் நிறமாய், ஆணிக்கு இடங்கொடாமல் இருந்தால் சிமெண்டு. செம்மண்ணாகக் கொட்டினால் மண் சாந்து.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கும். வெயில் வந்ததும் வெளிவிடும். இந்த மூச்சில்தான் அது நூறாண்டு வாழ்கிறது. அதன்மேல் சிமெண்டு பூசினால் மூச்சு அடைபடுகிறது. உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கிறது, உப்பு திரள்கிறது, சில ஆண்டுகளில் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுகிறது. விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. நீர் புகாத பிளாஸ்டிக் வண்ணங்களும் ஏறக்குறைய இதே கேட்டைச் செய்கின்றன.

சிறு பொத்தல்களை நாமே அடைக்கலாம். தளர்ந்த காரையை உறுதியான இடம் வரும்வரை கொத்தி எடுத்து, தூசியைத் துடைத்து, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்க்கலாம். இடித்த கடுக்காயையும் கருப்பட்டியையும் தண்ணீரில் சில நாள் ஊற வைத்து வடிகட்டி, அந்த நீரால் குழைப்பது முன்னோர் முறை. அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு படலம் பூசி, அது இறுகிய பின் அடுத்த படலம் பூச வேண்டும். சுண்ணாம்பு மெல்ல இறுகும் பொருள். காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு கல்லாக மாறுவது அது. ஆகவே ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில் தாக்காமல் காக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஏற்றதன்று.

ஓர் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்புக் கல்லை வீட்டில் நீற்ற வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீற்றிய சுண்ணாம்பையே வாங்குங்கள். அதைக் கையாளும்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெரிய சுவர்களுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் காரைக்குடிப் பக்கம் அந்தக் கைத்தொழில் இன்னும் உயிரோடிருக்கிறது.

விரிசலும் மரமும்

சுவரில் விரிசல் கண்டால் உடனே பூசி மறைக்காதீர்கள். அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சென்ற பின்னும் காகிதம் கிழியாதிருந்தால் அது பழைய காயம், அடைத்துவிடலாம். கிழிந்தால் சுவர் நகர்கிறது. பொறியாளரை அழைக்க வேண்டும். விரல் நுழையும் விரிசல், வயிறு தள்ளிய சுவர், வெள்ளத்தில் ஊறிய மண் சாந்துச் சுவர் ஆகியவற்றுக்குக் காத்திருத்தல் கூடாது. பக்கத்தில் படுக்கை போடாமல் அன்றே விலக வேண்டும்.

உத்திரத்தின் நடுப்பகுதியைவிடச் சுவருக்குள் புதைந்த அதன் முனைதான் முதலில் கெடும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் ஆசாரியை அழையுங்கள். கறையான் மண்தடம் கண்டால் அதில் சிறிது உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் கட்டியிருந்தால் உள்ளே கூட்டம் உயிரோடிருக்கிறது. கறையான் மருந்து நஞ்சாகும். கிணறுள்ள வீட்டில் அதைத் தாமே தெளிக்காமல் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே அறிவு.

பழைய கதவு, சன்னல்களின் வண்ணத்தைச் சுரண்டும்போது பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். முற்கால வண்ணங்களில் ஈயம் மிகுதி. நம் நாட்டில் வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மரத்தை நனைத்தே தேய்க்க வேண்டும். சுரண்டியதை ஈரத்துணியால் துடைத்து அகற்ற வேண்டும். முற்றத்தில் போட்ட பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் இழை நுரையீரலுக்குக் கேடு.

மின்சாரத்தில் மட்டும் கைத்திறமை காட்ட வேண்டாம். மரப்பட்டைகளின் மேல் ஓடும் பழைய கம்பிகளின் உறை நொறுங்கிப் போயிருக்கும். பல வீடுகளில் எர்த் இணைப்பே இராது. சாரல் காலத்தில் ஈரச் சுவரே அதிர்ச்சி தரும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளை மாற்றி, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். வீட்டுச் செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

யார் செய்வது?

பழைய வீடுகள் பாழாவதற்குக் கறையானைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. பாகம் பிரிக்காத வீட்டில் அண்ணன் வளைகுடாவில், தம்பி சென்னையில், அக்கா மறுவீட்டில். ஓடு ஒன்று உடைந்தால், "எல்லாருக்கும் உரியதை நான் ஏன் பார்க்க வேண்டும்?" என்று ஒவ்வொருவரும் ஒதுங்குகிறார்கள். ஓர் ஓட்டின் விலையில் முடிந்திருக்க வேண்டியது, உத்திரத்தின் விலைக்கு வந்து நிற்கிறது. ஊரில் அந்த வீட்டில் குடியிருப்பவர்களோ பெரும்பாலும் முதிய தாயும் பெண்மக்களுமே.

இதற்கும் வழியுண்டு. உரிமையுள்ள அனைவரும், சகோதரிகள் உட்பட, பங்கின் விகிதப்படி ஆண்டுக்கொரு தொகையை ஒரு கணக்கில் போடலாம். செலவை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரசீதுகளை வைத்து, ஆண்டுக்கொருமுறை அனைவருக்கும் காட்டலாம். பாகம் பிரிக்கும் நாளில் யார் எவ்வளவு செலவிட்டார் என்ற மனத்தாங்கலுக்கு இடமிராது. வீட்டைக் காக்கும் குறிப்பேடு உறவையும் காக்கும்.

வருகிற சித்திரையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ஆணி, ஒரு திருப்புளி இவை போதும். வீட்டைச் சுற்றி வந்து, நாமே செய்யக்கூடியவற்றை ஒரு பக்கமும், வல்லுநரிடம் விட வேண்டியவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். முதல் வேலையாக நீர்த்தாரையில் அடைத்திருக்கும் சருகை அகற்றுங்கள்.