மழைக்கு முன்னாடி ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க

2015 டிசம்பர் 1-2 மழையில தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. எங்க முடிச்சூரில் கார்கள் தண்ணிக்குள்ள மூழ்கிக் கிடந்தன. வடிஞ்ச உடனே சாவியைத் திருகினவங்களும் உண்டு. அதுதான் ஆபத்து. சிலிண்டருக்குள்ள போன தண்ணி காத்து மாதிரி அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். பெட்ரோல் கார்னா ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி, தண்ணியை வெளியேத்தின பிறகுதான் எஞ்சினைச் சுத்தணும்.

ஆனா ப்ளக் கழண்டு வரணுமே! ப்ளக் இரும்பு, எஞ்சின் ஹெட் அலுமினியம். வருஷக்கணக்கா தொடாத ப்ளக், ஈரமும் சேறும் சேர்ந்தா மரையோட பிடிச்சுக்கும். முரட்டுத்தனமா திருகினா ப்ளக் உடையும், இல்லைன்னா மரை போயிடும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

வயலுக்கு மருந்தடிக்கிற பெட்ரோல் ஸ்பிரேயர் ப்ளக்கை நாங்க அடிக்கடி கழட்டித் துடைச்சுப் போடுவோம். அது பிடிச்சுக்கிட்டதே இல்லை. கார்ல இரிடியம் ப்ளக் லட்சம் கிலோமீட்டர் வரும்னதும் அதை மறந்தே போயிடறோம்.

ஐப்பசிக்கு முன்னாடி சர்வீஸ் விடறப்ப, ப்ளக்கை ஒரு தடவை கழட்டிப் போடச் சொல்லுங்க. எஞ்சின் ஆறியிருக்கணும். குழியில இருக்கிற தூசியை முதல்ல ஊதிடணும். அசையலைன்னா துரு இளக்குற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, முன்னும் பின்னுமா மெதுவா அசைக்கணும். திரும்ப மாட்டறப்ப முதல் சுத்துகள் கையாலதான்.

மெக்கானிக் அவசரப்பட்டா, "பரவாயில்ல அண்ணே, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டு வாங்க.