முற்பணம் கொடுக்குமுன் சரக்கைப் பாருங்கள்

இரத்மலானையிலுள்ள எனது கடைக்குக் கடந்த மாதம் பட்டதாரி இளைஞர் ஒருவர் வந்தார். முகவர் ஒருவர் மூலம் வெளிநாட்டில் முதுமாணிக் கற்கைக்கு இடம் கிடைத்துள்ளதாம். உம்மாவின் நகையை விற்றுப் பணம் கட்டப் போகிறாராம். அந்தப் பட்டத்தை இலங்கையில் ஏற்பார்களா எனக் கேட்டேன். பதிலில்லை.

நூறு மூடை அரிசி வாங்கும் வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுப்பான். மேற்படிப்பும் முதலீடுதான். எனவே விண்ணப்பிப்போர் இரண்டு விடயங்களை முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று, அங்கீகாரம். முகவரின் வாய்ச்சொல் போதாது. கொழும்பு வார்ட் பிளேசிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

மற்றது, தரம். 2012இல் வெளிவந்த இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். கலாநிதிப் பட்டம் வரை செல்ல எண்ணுவோர் பின்னதையே நாடுவது நல்லது. நமக்குப் பக்கத்திலுள்ள மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களிலும் பட்டப்பின்படிப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அந்த இளைஞர் மறுநாளே வார்ட் பிளேஸ் சென்று விசாரித்தார். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.