குன்றக் கூறிக் கெடுக்கும் கையேடுகள்!



இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்குக் கணினி வலையமைப்பைக் கண்காணிக்கும் கருவியோடு என்ன வேலை என்று வினவுவார் உளர். நூல் எழுதுவோர் செய்யும் குற்றம் எத்துறையில் தலைகாட்டினும் அஃது எம் துறையே என்பது அவர்க்கு எம் விடை.

வலையமைப்புகளைக் காக்கும் பணி இன்று 'முகவர்' எனப்படும் செயற்கை அறிவுப் பொறிகளிடம் சிறிது சிறிதாக ஒப்படைக்கப்பட்டு வருகின்றது. 2024 நவம்பரில் வெளியான எம்.சி.பி. என்னும் இணைப்பு நெறிமுறை இதற்கு அகன்ற வாயிலைத் திறந்துவிட்டது. அந்நெறிமுறைப்படி ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவை எழுத்தில் தரப்படுகின்றன. அவ்வெழுத்தைப் படித்தே எக்கருவியை எப்பொழுது எடுப்பது என்று முகவர் முடிவு செய்கின்றது. உயர்திணைப் பெயர் சூட்டிவிட்டதனாலேயே அஃறிணைக்குப் பட்டறிவு வந்துவிடுமா? எழுத்தே அதற்குக் கண். எழுத்தே அதற்குக் கைகாட்டி. அவ்வெழுத்தே பிழைபட்டால்?

"பொறிக்கு எல்லாம் தெரியும், விரித்தெழுதுவது வீண்வேலை" என்று சோம்பல் பேசுவாரை நோக்கிக் கேட்கின்றோம்: நாகியோசு என்னும் கண்காணிப்புக் கருவியை அறிவீரா? அதன் ஆய்வு நிரல்கள் தம் முடிவை நான்கு எண்களால் உரைக்கும். 0 என்றால் நலம். 1 என்றால் எச்சரிக்கை. 2 என்றால் கடுநிலை. 3 என்றால் நிலை அறியப்படவில்லை. ஆய்வு நிரலுக்குக் கொடுத்த உள்ளீடே தவறாயினும் 3 தான் வரும். இதனை உரைக்காமல், "சுழியம் அல்லாத எண் வந்தால் கோளாறு" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் என்னாகும்? இரண்டினும் மூன்று பெரிது, ஆகவே கேடும் பெரிது என்று கொண்டு, நலமாய் இயங்கும் கணினியை அம்முகவர் நிறுத்திவிடக் கூடும். அறியாமை வேறு, கேடு வேறு என்று பிரித்துரைக்காத கையேடு கையேடாகுமா?

இன்னொன்று காண்க. வலையமைப்புக் கருவிகளின் நிலையைக் கேட்டறிய 1988 முதல் வழங்குவது எசு.என்.எம்.பி. என்னும் நெறிமுறை. ஓர் இணைப்பில் உள்வந்த பைட்டுகளைக் கணக்கிடும் அதன் பழைய எண்ணி, 32 இரும இடங்களே கொண்டது. 4,294,967,295 வரை எண்ணி, பின்னர்ச் சுழியத்திற்குத் திரும்பிவிடும். நொடிக்கு ஒரு கிகாபிட் கடத்தும் இணைப்பு முழுவீச்சில் ஓடினால் ஏறத்தாழ 34 நொடியில் அத்திரும்பல் நேரும். ஐந்து மணித்துளிக்கு ஒருமுறை மட்டும் அவ்வெண்ணைப் படிக்கும் முகவர், இடையில் எட்டு முறையேனும் அது திரும்பியதை எங்ஙனம் அறியும்? திணறும் இணைப்பை ஓய்ந்து கிடக்கும் இணைப்பென்றே கணக்கிடும். "64 இரும இடங்கள் கொண்ட எண்ணியைப் படிக்க" என்னும் ஒரு வரி இருந்திருந்தால் அவ்விழுக்கு நேர்ந்திராது. அவ்வொரு வரியைக் கரந்ததே குன்றக் கூறல்!

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனத் தொல்காப்பிய மரபியல் அன்றே வரையறுத்தது. மயங்கக் கூறலும் அவற்றுள் ஒன்று. ஒரே கணினியை முதற்பக்கத்தில் 'கணு' என்றும், அடுத்த பக்கத்தில் 'இலக்கு' என்றும், பிறிதோரிடத்தில் 'கருவி' என்றும் எழுதுவோர் செய்வது அதுவன்றி வேறென்ன? மாந்தன் ஐயுற்றால் அடுத்த இருக்கையில் இருப்பவரைக் கேட்பான். பொறியோ, ஒன்றை மூன்றெனக் கொண்டு செயலில் இறங்கிவிடக் கூடும்.

இவற்றினும் பேரிடர் ஒன்றுண்டு. கண்காணிப்புக் கருவி திரட்டித் தரும் பெயர்களும் பதிவுகளும் அயலார் எழுதியவையாகவும் இருக்கலாம். "காவலை நிறுத்துக" என்று தீயவன் ஒருவன் தன் கணினிக்குப் பெயரிட்டால், அது சான்றா, கட்டளையா? சான்றே என்று கையேடு அறைந்துரைத்தல் வேண்டும். அவ்வுரை மட்டுமே பூட்டாகாது. நிலையை மாற்றும் செயலுக்கு மாந்தன் இசைவு என்னும் தாழும் வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் உரியது எது, மாற்றவல்லது எது என்று ஒவ்வொரு கருவிக்கும் வரையறுத்து எழுதுக!

இத்தெளிவைத்தான் நள்ளிரவில் விழித்திருந்து வலையமைப்பைக் காத்த பணியாளர்கள் பல்லாண்டாய்க் கேட்டனர். அவர்க்கு எழுத மறுத்த கைகள் இன்று பொறிக்காக எழுத முந்துகின்றன. எழுதட்டும்! ஆனால், மாந்தனும் படித்துத் தெளியுமாறு எழுதட்டும். தவறு நேர்ந்தபின் "பொறி பிழைத்தது" என்று பழியை அஃறிணையின் தலையில் ஏற்றாதிருக்கட்டும்.

கணினித் துறையில் பணிபுரியும் எம் இளைஞர்காள்! ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வையுங்கள். கருவி சொல்லும் எண் எதனைக் குறிக்கும், எதனைக் குறிக்காது என்று இரண்டையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாதது என்றே பதியுங்கள். படிப்பது பொறியே ஆயினும் எழுதுபவன் மாந்தன், பொறுப்பும் அவனதே!