கூண்டிலே நிற்பவன் மட்டுமா குற்றவாளி?



முடிச்சூர்ச் சாலையிலே ஓர் இளைஞன் பிடிபடுகிறான். சட்டைப் பையிலே கஞ்சாப் பொட்டலம். “கூடாநட்பு கெடுத்தது” என்று தலையை ஆட்டுகிறார்கள் பெரியவர்கள். கடமை முடிந்ததென்று ஏட்டை மூடுகிறது காவல்துறை. முடிந்ததா?

2015 டிசம்பரிலே அடையாறு கரைபுரண்டு முடிச்சூரை மூழ்கடித்ததே, நினைவிருக்கிறதா? சொந்த வீடு உள்ளவர் சேற்றைக் கழுவிக் குடியேறினார். அதே ஆறு நகருக்குள் பாயுமிடத்தில் கரையோரக் குடிசைவாசி என்ன ஆனான்? வெள்ளத்தைக் காரணங்காட்டி அவன் குடிசை பிடுங்கப்பட்டது. பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளிலே குடும்பத்தோடு கொண்டுபோய்க் கொட்டப்பட்டான், கல்வியாண்டின் நடுவிலே! பிள்ளை படித்த பள்ளி எங்கோ, தாய் வேலை செய்த தெரு எங்கோ. பள்ளியை விட்ட சிறுவனை அழைத்தது யார்? நூலகமா? விளையாட்டுத் திடலா?

அவன் முதலிலே கஞ்சாவைத் தேடுவதில்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போதும், பசியும் மறக்கும். எய்ம்ஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அகில இந்திய ஆய்வைப் பாருங்கள்: இத்தகைய நெடியை முகர்வோர் பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிலோ 1.17. பிள்ளைகள் பெரியவர்களை முந்திய போதை இது ஒன்றுதான்.

பிறவிக் குணம் என்பாரும் உளர். வியட்நாம் போரிலே ஹெராயினுக்கு அடிமையாகி 1971-இல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவர் அளவே! ஆள் அதே ஆள்; மாறியது அவனைச் சூழ்ந்திருந்த வாழ்வு.

நம் ஆட்சியாளரோ 2022-இல் பள்ளிப் பிள்ளைகளை வரிசையிலே நிறுத்திப் போதை ஒழிப்பு உறுதிமொழி வாங்கினார்கள். அவர்களுடைய டாஸ்மாக் 2023-24-இல் ஈட்டித் தந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். உறுதிமொழியைக் கருவூலம் எடுக்கவில்லை போலும்!

போதைப்பொருள் தடுப்புக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலே சிகிச்சை பெற்றால், அவன்மீது வழக்கு நடத்த வேண்டாமென்கிறது 64-ஏ பிரிவு. அதை எந்தக் காவல் நிலையச் சுவரிலே எழுதி வைத்திருக்கிறார்கள்? முடிச்சூரிலோ பெரும்பாக்கத்திலோ அடுத்த பையன் பிடிபடும் அன்றே, கிளைத் தோழர்கள் வழக்கறிஞரோடு நிலையத்திற்குச் செல்லுங்கள். வாசலிலே நிற்கும் அவன் தாய்க்கு அந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.