இரண்டாவது கண்



உங்கள் அன்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல். அதில் பிழை தேடும் கருவியொன்று உண்டு, பெயர் கேடிபி. 2010இல் கர்னலோடு சேர்ந்தது. 2021இல் அதில் சின்ன மாற்றமொன்று: மாறிகளைப் பதிந்து வைக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்தார்கள். புதிதாக எதுவும் இல்லை, ஒழுங்குபடுத்தல்தான். அதைக்கூட இன்னொருவர் பார்த்து, 'நான் பார்த்தேன்' என்று தன் பெயரைப் போட்ட பிறகே சேர்த்தார்கள்.

நாங்கள்? சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தை ஒருவரே நிரப்பி, அவசரமாக அனுப்பிவிடுகிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பெறுபேற்றில் வேறு எழுத்து. பிறகு அந்தப் பிள்ளை இரத்தினபுரிக்கும் கொழும்புக்கும் அலைகிறது. கூடப் போகும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை.

யாராவது சரிபார்த்தால் 'எங்களை நம்பவில்லையா' என்று முகம் சுளிக்கும் பழக்கம் ஆசிரியர்களான எங்களிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். திறமைசாலிகளே இன்னொருவரிடம் காட்டித்தான் அனுப்புகிறார்கள்.

பெற்றோரே, விண்ணப்பம் போகுமுன் பிறப்புச் சான்றிதழோடு பாடசாலைக்கு வாருங்கள். எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை காட்டினால் கோபிக்க மாட்டோம், நன்றிதான் சொல்வோம்.